அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சட்ட நூலகத்தில் தேடுவது எப்படி? முதல் நாளை வீணாக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாஷிங்டனுக்கு ஆய்வுக்காக வருகிறவர்களை, காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகத்தில் உள்ள சட்ட நூலகத்துக்கு அழைத்துப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள். இருந்தும் முதல் நாள் மாலை வெறுங்கையோடு திரும்புகிறார்கள். லட்சக்கணக்கான நூல்கள் உள்ள இடத்தில் அலமாரி முன்னால் நின்று புரட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்போடு வருவதுதான் காரணம். இங்கே பெரும்பாலான நூல்கள் வாசகர் கால் படாத அடித்தளத்தில் இருக்கின்றன. எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் மேலே வரும்.

கீழே உள்ள வரிசை முக்கியம். 1 முதல் 5 வரை வீட்டிலேயே முடிய வேண்டியவை. அதை விட்டுவிட்டு 6இல் தொடங்குகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

1. எந்த இடம், எந்தத் தேதி, எந்த வகை: மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்

சென்ற முறை என்னுடன் வந்த மாணவி நூலகரிடம் கேட்டது இது: "இந்தியாவில் பெண்களுக்கான சொத்துரிமைச் சட்டம் வேண்டும்." நூலகர் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்டார். எந்த மாநிலம்? எந்த ஆண்டில் இருந்த நிலவரம்? சட்டமா, தீர்ப்பா, விளக்க நூலா?

மாணவிக்கு எரிச்சல். ஆனால் கேள்விகள் நியாயமானவை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. தமிழ்நாடு தனக்கென ஒரு திருத்தம் செய்து, 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பர் 9 அன்று. அதன் பொருள் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது 2020இல். ஒரே கேள்விக்கு 1985இல் ஒரு பதில், 1995இல் சென்னையில் ஒரு பதில், அதே ஆண்டு லக்னோவில் வேறு பதில்.

ஆகவே ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். ஆள்புலம்: எந்த நாடு, எந்த மாநிலம். தேதி: எந்த நாளில் செல்லுபடியான சட்டம். வகை: சட்டம், விதி, அரசிதழ் அறிவிப்பு, தீர்ப்பு, விளக்க நூல் இவற்றில் எது. மூன்றும் தெரியாவிட்டால் விளக்க நூலிலிருந்து தொடங்குங்கள். அதன் அடிக்குறிப்புகளே மற்ற இரண்டையும் சொல்லிவிடும்.

2. வீட்டிலிருந்தே கிடைப்பதைத் தேடி அங்கே போகாதீர்கள்

விமானம் ஏறி வந்து, இணையத்தில் இலவசமாக இருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பான 'யு.எஸ். ரிப்போர்ட்ஸ்' தொடரில் 35,000க்கும் மேற்பட்ட தீர்ப்புகளைக் காங்கிரஸ் நூலகம் 2018இல் இணையத்தில் ஏற்றியது. 1774 முதல் 1875 வரையிலான நாடாளுமன்றப் பதிவுகளுக்கு ஒரு தனித் தொகுப்பு உண்டு. அண்மைக் கால மசோதாக்களுக்குக் காங்கிரஸ் டாட் கவ் இணையதளம் இருக்கிறது.

மசோதா தேடும்போது ஒரு எச்சரிக்கை. மசோதா எண் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புதிய காங்கிரஸ் கூடும்போது, மீண்டும் 1இலிருந்து தொடங்குகிறது. 'எச்.ஆர். 1' (கீழவையின் முதல் மசோதா) என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் அந்தப் பெயரில் பல மசோதாக்கள் நிற்கும். எத்தனையாவது காங்கிரஸ் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நூலகத்தின் வெளிநாட்டுச் சட்ட வல்லுநர்கள் அமெரிக்கக் காங்கிரஸுக்காக எழுதும் ஒப்பீட்டு அறிக்கைகளும் பல இணையத்தில் உண்டு. உங்கள் தலைப்பில் ஒன்று ஏற்கெனவே வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

3. மேற்கோள் எண்ணைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்

சட்ட நூலகத்தில் வழக்கின் பெயரைவிட எண்தான் பேசும். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பத்து வழக்குகள் வரும். எண் நேராகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

அமெரிக்க முறை: 347 யு.எஸ். 483. முதல் எண் தொகுதி, நடுவில் தொடரின் பெயர், கடைசி எண் தீர்ப்பு தொடங்கும் பக்கம். இது பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் பிரௌன் வழக்கு.

இந்திய முறை வேறு: ஏ.ஐ.ஆர். 1950 எஸ்.சி. 27. இங்கே முதலில் தொடர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), அடுத்து ஆண்டு, பிறகு நீதிமன்றம் (எஸ்.சி. என்றால் உச்ச நீதிமன்றம்), கடைசியில் பக்கம். இது ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. இந்தியப் பழக்கத்தோடு வருகிறவர்கள் 347ஐ ஆண்டாகவோ வழக்கு எண்ணாகவோ எடுத்துக்கொண்டு திணறுகிறார்கள்.

பழைய அமெரிக்கத் தீர்ப்புகளில் இன்னொரு சிக்கல். முதல் 90 தொகுதிகள் அவற்றைத் தொகுத்தவர்களின் பெயரால் வெளிவந்தவை: டாலஸ், கிரான்ச், வீட்டன், பீட்டர்ஸ், ஹோவர்ட், பிளாக், வாலஸ். '1 கிரான்ச் 137' என்று பழைய நூலில் கண்டால் அது இன்றைய '5 யு.எஸ். 137'. நீதிமன்றத்துக்குச் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் உண்டு என்ற 1803ஆம் ஆண்டின் மார்பரி வழக்கு அதுதான். டாலஸின் முதல் தொகுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் பென்சில்வேனியா வழக்குகள்! அதில் தேடி மாய வேண்டாம்.

சட்டங்களுக்கு மூன்று முகவரிகள் இருக்கும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொதுச் சட்டம் 88-352 என்றால் 88ஆவது காங்கிரஸின் 352ஆவது சட்டம். 78 ஸ்டாட். 241 என்பது 'ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ்' தொடரில் நிறைவேறியபடியே அச்சான வடிவம். அதன் வேலைவாய்ப்புப் பகுதி யு.எஸ்.சி. என்ற அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 42 யு.எஸ்.சி. 2000இ என்ற இடத்தில் இருக்கிறது. திருத்தங்கள் சேர்ந்து, பொருள்வாரியாக அடுக்கிய வடிவம் அது. அன்று என்ன நிறைவேறியது என்று தெரிய இரண்டாவது வேண்டும். இன்று என்ன செல்லும் என்று தெரிய மூன்றாவது. இரண்டையும் குழப்பினால் ஆய்வே தப்பாகிவிடும்.

4. கேட்டலாக்கில் தேடுங்கள்: தமிழ் நூலுக்கு வேறு எழுத்துக்கூட்டல்

நம்மவர்கள் அதிகம் தோற்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் நூல்களின் தலைப்புகள் கேட்டலாக்கில், அதாவது நூலகத்தின் இணைய நூற்பட்டியலில், பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அந்த எழுத்துக்கூட்டலுக்கு அமெரிக்க நூலகங்களுக்குப் பொதுவான விதி உண்டு. நாம் வாட்ஸாப்பில் அடிக்கும் தங்கிலீஷ் அங்கே செல்லாது. உச்சரிப்பைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து மாற்றுவது அதன் முறை. க எப்போதும் 'கே', ச எப்போதும் 'சி', ட, த இரண்டும் 'டி', ப எப்போதும் 'பி'. ஆகவே 'சட்டம்' என்பதை எஸ் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. சி-ஏ-டி-டி-ஏ-எம் என்று அடிக்க வேண்டும். 'குற்றம்' என்பதில் ற்ற வருவதால் டி-ஆர் போடத் தோன்றும். கேட்டலாக்கில் அது இரண்டு ஆர்: கே-யு-ஆர்-ஆர்-ஏ-எம். ழ, ள இரண்டும் 'எல்'. எழுத்தின் மேலும் கீழும் வரும் புள்ளி, கோடுகளை அடிக்கத் தேவையில்லை. விட்டுவிட்டாலும் தேடல் வேலை செய்யும். நம் கண்ணுக்கு விகாரமாகத் தெரிந்தாலும், ஒரு மணி நேரம் பழகினால் கைவந்துவிடும்.

அடுத்தது இடப்பெயர். அரசு வெளியீடுகள் வெளியான காலத்து ஆட்சியின் பெயரில் பதிவாகியிருக்கும். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 அன்றுதான் தமிழ்நாடு ஆனது. அதற்கு முந்தைய சட்டங்களுக்கு 'மெட்ராஸ்' என்று தேடுங்கள். அதிலும் மாகாணக் காலத்துக்கு ஒரு தலைப்பு, மாநிலக் காலத்துக்கு வேறு தலைப்பு. இலங்கைக்கும் இதே கதை: 1972க்கு முந்தையவை 'சிலோன்' என்று இருக்கும். முதல் படியில் தேதியை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

மூன்றாவது, கால் நம்பர், அதாவது நூல் அலமாரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறி எண். சட்ட நூல்களுக்கான வகைப்பாடு 'கே' என்ற எழுத்தில் தொடங்கி, நாடுவாரியாகப் பிரிகிறது. கே.எஃப். அமெரிக்கா, கே.டி. பிரிட்டன், கே.என்.எஸ். இந்தியா, கே.பி.எல். பாகிஸ்தான், கே.இசட். பன்னாட்டுச் சட்டம். இந்தியத் திருமணச் சட்டமும் அமெரிக்கத் திருமணச் சட்டமும் ஒரே அலமாரியில் இருக்காது. பொருளைவிட நாடு முதலில் வருவதால்தான் தேடலையும் நாட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சில பழைய நூல்களில் கே வராது. கால் நம்பர் இருக்கும் இடத்தில் 'லா' என்ற சொல்லே நிற்கும். பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கே வகைப்பாடு முழுமையாக உருவாவதற்கு முன் நூல்களை அடுக்கிய முறை அது. முழுக் குறிப்பையும் அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பதிவின் கீழும் நூலை எந்த வாசிப்பறையில் கேட்க வேண்டும் என்று இருக்கும். சட்டத்தின் வரலாறு, அரசியல் பற்றிய நூல்கள் பல பொது வாசிப்பறைக்கு உரியவை. அது வேறு கட்டடம். அந்த வரியைப் படிக்காமல் போனால் சாலையைக் கடந்து நடக்க வேண்டியிருக்கும்.

5. நூலகருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்

'நூலகரைக் கேளுங்கள்' என்ற இணையப் படிவம் இருக்கிறது. மூன்று வரித் தாளில் உள்ளதையும் ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை நாட்கள் சில ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய நாள் எழுதிப் பயனில்லை.

"என் வழக்கு ஜெயிக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நூலகர்கள் சட்ட ஆலோசனை தர மாட்டார்கள், தரவும் கூடாது. எந்த நூலில் பார்ப்பது என்று சொல்வார்கள். அதன் பொருள் என்ன என்று சொல்ல மாட்டார்கள்.

6. வாசகர் அட்டை எடுங்கள்

அட்டை இலவசம். 16 வயது நிரம்பிய யாரும் எடுக்கலாம், அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, நேரில் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் போதும், ஆனால் அசல் வேண்டும். தொலைந்துவிடும் என்று பயந்து விடுதி அறையில் பூட்டிவிட்டு, நகலோடு வருகிறவர்கள் வாரம் ஒருவராவது இருக்கிறார்கள்.

7. சரியான கட்டடத்துக்குப் போங்கள்

காங்கிரஸ் நூலகத்துக்கு மூன்று கட்டடங்கள்: ஜெஃபர்சன், ஆடம்ஸ், மேடிசன். படங்களில் நீங்கள் பார்த்த, குவிமாடமும் ஓவியங்களும் உள்ள கட்டடம் ஜெஃபர்சன். சுற்றுலாப் பயணிகளுக்கு நேரம் குறித்த நுழைவுச் சீட்டு அங்கேதான். சட்ட நூலகம் இருப்பது சாலைக்கு எதிர்ப்புறம், மேடிசன் கட்டடத்தில், இரண்டாம் தளத்தில், எல்.எம். 242ஆம் அறையில். வாசகர் அட்டையை மேடிசனிலேயே எடுக்கலாம். கேப்பிடல் சவுத் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை.

ஜெஃபர்சன் வாசலில் வரிசையில் நின்று ஒரு மணி நேரத்தைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

பெரிய பையைப் பொருட்கள் வைக்கும் அறையில் விட்டுவிட்டு, மடிக்கணினி, தாள், பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். உணவு, பானம் வாசிப்பறைக்குள் கூடாது. வெளியே வரும்போதும் சோதனை உண்டு. சொந்தப் புத்தகம் கொண்டுபோவதாக இருந்தால் உள்ளே நுழையும்போதே காவலரிடம் காட்டிவிடுங்கள்.

நேரம் மாறக்கூடியது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் மூடியிருக்கும். கிளம்பும் நாள் காலையில் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

8. முதலில் தொலைவில் உள்ளதைக் கேளுங்கள்

கேட்டலாக் வழியாகவே நூல் கோரிக்கை அனுப்பலாம். அனுப்பும் வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சட்ட நூல்களில் பெரும் பகுதி மேடிசன் கட்டடத்தின் அடித்தளத்துக்கும் கீழே உள்ள நிலவறையில் இருக்கிறது. அலமாரிகள் தண்டவாளத்தில் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடைபாதைக்கான இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அங்கிருந்து வருபவை வழக்கமாக அதே நாளில் கைக்கு வந்துவிடும். இன்னொரு பகுதி மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் சேமிப்பகத்தில் இருக்கிறது. அது வண்டியில் வர வேண்டும். குறைந்தது அடுத்த வேலை நாள் ஆகும்.

ஆகவே தொலைவில் உள்ளவற்றை முதலில் கேளுங்கள், முடிந்தால் வருகைக்குச் சில நாட்கள் முன்பே. காத்திருக்கும் நேரத்தில் வாசிப்பறை அலமாரியில் திறந்தே இருக்கும் அமெரிக்கச் சட்டத் தொகுப்புகளையும் அங்குள்ள கணினிகளில் கிடைக்கும் கட்டணத் தரவுத்தளங்களையும் பாருங்கள். ஹெய்ன்ஆன்லைனில் பழைய சட்ட இதழ்கள் பக்கம் பக்கமாக அச்சில் உள்ளபடியே கிடைக்கும். வீட்டிலிருந்து அதற்குச் சந்தா வேண்டும்.

சில நேரம் 'அலமாரியில் இல்லை' என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். நூல் பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் எடுத்திருக்கலாம். காங்கிரஸுக்குத்தான் முதலிடம், இந்த நூலகம் இருப்பதே அவர்களுக்காக. மேசையில் உள்ள நூலகரிடம் கேட்டால் வேறு பதிப்போ மைக்ரோஃபிலிமோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக நமக்கு அனுமதி இல்லை.

9. நூல் கைக்கு வந்ததும் பின்னட்டையைத் திறங்கள்

அமெரிக்கச் சட்ட நூல்கள் பலவற்றின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒரு பை இருக்கும். அதில் ஒரு மெல்லிய இணைப்பு செருகியிருக்கும். 'பாக்கெட் பார்ட்' என்பார்கள். நூல் அச்சான பிறகு வந்த திருத்தங்களும் தீர்ப்புகளும் அதில்தான். நூலின் உள்ளே ஒரு பிரிவைப் படித்துவிட்டுப் பின்னட்டையைப் பார்க்காமல் மூடுவது, புதியவர்கள் செய்வதிலேயே பெரிய பிழை. அந்தப் பிரிவு நீக்கப்பட்டே சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இணைப்பு பெரிதாகிவிட்டால் பக்கத்தில் தனிப் புத்தகமாக நிற்கும்; அதையும் பாருங்கள்.

லூஸ் லீஃப் தொகுப்புகள் இன்னொரு வகை. வளையம் போட்ட கோப்பில் தனித்தனித் தாள்களாக இருக்கும். புதிய தாள் வந்ததும் ஊழியர் பழைய தாளை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவார். நாள் தவறாமல் யாரோ உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சட்ட நூலக வாழ்க்கையில் வெளியே தெரியாத உழைப்பு இது. உங்களுக்கு என்ன பாடம் என்றால், கோப்பில் இருப்பது இன்றைய நிலவரம் மட்டுமே. 1985இல் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய தேதியின் சட்டம் வேண்டுமானால் பழைய பதிப்புக்குப் போங்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 6 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக அச்சாகிறது. நடுவில் ஆண்டுதோறும் இணைப்பு வருகிறது. 1985 நிலவரத்துக்கு 1982ஆம் ஆண்டுப் பதிப்பையும் அந்த ஆண்டு வரையிலான இணைப்பையும் கேளுங்கள். "காலாவதியான புத்தகத்தை ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒப்பந்தம் போட்ட நாளின் சட்டத்தைத்தானே நீதிமன்றம் பார்க்கும்?

நாடாளுமன்ற விவாதத்தை மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். அந்த விவாதங்களை அச்சிடும் 'காங்கிரஷனல் ரெக்கார்ட்' அன்றாடப் பதிப்பாகவும் பின்னர் கட்டிய தொகுதியாகவும் வருகிறது. பக்க எண்கள் இரண்டிலும் வேறு வேறு. எண்ணுக்கு முன்னால் எச் அல்லது எஸ் இருந்தால் அது அன்றாடப் பதிப்பு. 1873க்கு முந்தைய விவாதங்களை அந்தப் பெயரில் தேடாதீர்கள். அப்போது இதழின் பெயரே வேறு.

10. அரசிதழ்களும் அரிய நூல்களும்

பல நாடுகளின் அரசிதழ்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அரசிதழைச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. வெளியான தேதி, பகுதி, பிரிவு, பக்கம் வேண்டும். இந்தத் தகவல் சட்ட நூலின் முதல் பக்க அடிக்குறிப்பில் பெரும்பாலும் இருக்கும். பல அரசிதழ்கள் மைக்ரோஃபிலிமில் உள்ளன. படச்சுருளைப் பூட்ட ஊழியர் சொல்லித் தருவார், வெட்கப்படாமல் கேளுங்கள்.

அரிய நூல்களுக்கு முன்கூட்டியே எழுதி நாள் வாங்குங்கள். ஊழியரின் கண்பார்வையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், பென்சில் மட்டுமே அனுமதி. இணையப் படி இருந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்வார்கள்.

11. நகல் எடுக்கும்போது

கைபேசியில் படம் எடுக்கலாம். ஸ்கேனரும் உண்டு, யு.எஸ்.பி. கொண்டுபோங்கள். பதிப்புரிமை உள்ள நூலை முழுதாக நகலெடுக்கக் கூடாது.

வேண்டிய பக்கத்தை எடுப்பதற்கு முன் நான்கு படங்கள் எடுங்கள்: முகப்புப் பக்கம், அதன் பின்புறம், கால் நம்பர் ஒட்டிய முதுகு, பாக்கெட் பார்ட்டின் அட்டையில் உள்ள தேதி. அந்த மாணவி 200 பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். எது எந்தப் பதிப்பு என்று தெரியாமல், நான்கு முகப்புப் பக்கங்களுக்காக என்னை மறுபடியும் அந்த இரண்டாம் தளத்துக்கு அனுப்பினார்.